அசையாம இரு

தம்பி, அந்தப் பைய மடியில வச்சிக்கிடுங்களேன். மூலை வந்து இதுல இடிக்கி பாருங்க. சண்டைக்குச் சொல்லல, போர்வைக்குள்ள கண்ணாடி போட்ட படம் இருக்கு. கண்ணாடி போனாப் போவுது, படத்துல கீறல் விழுந்துரக் கூடாது. கரியில போட்டது. வெரல் பட்டாலே போச்சு, மூக்கு காதுக்குப் போயிரும்.

எங்க, கோயில்பட்டிக்கா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு.

யாரு படமா? எம் வீட்டுக்காரி படம். ஒலகம்மா. ஐயையோ, அப்படிப் பாக்காதிய! நல்லாத்தான் இருக்கா. கல்லு மாதிரி இருக்கா, கோயில்பட்டியில, அவ தங்கச்சி வடிவு வீட்டுல. எல்லாருக்கும் இதே பார்வைதான். பொம்பளை படத்த ஒருத்தன் மடியில வச்சிருந்தா அவ செத்துட்டான்னு அர்த்தமா? இந்தப் பார்வைதான் தம்பி என் குடும்பத்தையே கெடுத்துச்சு. சரி, அத அப்புறம் சொல்லுதேன்.

அவ அங்க போயி ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது. கூப்பிட்டா வர மாட்டேங்கா. போன எடுக்கா, நல்லா இருக்கியளான்னு கேக்கா, மாத்திரை போட்டியளான்னு கேக்கா. எப்பளா வாறன்னா, 'பாப்போம்'ங்கா. என்னத்தப் பாக்க? அதான் படத்தத் தூக்கிக்கிட்டு நானே போறேன். இதக் கண்ணுல காட்டிக் கையோட கூட்டிட்டு வந்துரணும். இன்னைக்கி வரலன்னா அவ இனிமே வர மாட்டான்னு மனசுல படுது.

கூட இருந்தே குழி பறிக்கதும்பாங்கள்ல? இவ எதிர்ல உக்காந்து பறிச்சா தம்பி. பிளாஸ்டிக் சேர்ல, கைய மடியில வச்சிக்கிட்டு, என் கண்ணு முன்னாலயே உக்காந்து பறிச்சா. நா என்ன செஞ்சிக்கிட்டிருந்தேன்? கிறுக்கன் மாதிரி அவ மூஞ்சிய அளந்துக்கிட்டிருந்தேன்.

எம் பேரு பிரமநாயகம். லேண்ட் சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவன். சங்கிலி புடிச்சு அளந்த காலத்துலருந்து மெஷின் வந்த காலம் வரைக்கும் இந்த ஜில்லாவுல நா அளக்காத பொட்டல் கெடையாது. அண்ணனும் தம்பியும் வரப்புக்கு வெட்டிக்கிட்டு நிப்பான். நா போயி, எல்லைக்கல்லு இங்க கெடக்குடான்னு காட்டிட்டு வந்துருவேன். எவன் அழுதா எனக்கென்ன, எவன் சிரிச்சா எனக்கென்ன? கல்லு கெடக்க எடத்துலதான கெடக்கும்?

ரிட்டயர் ஆகி வீட்டுல உக்காந்தா பைத்தியம் புடிக்க மாதிரி இருந்துச்சு. ஒரு நாளு ஒலகம்மாதான் பேப்பர்ல பாத்துட்டு வந்து சொன்னா. பாளையங்கோட்டையில ஒரு டீச்சர் சனி ஞாயிறுல படம் வரையச் சொல்லிக் குடுக்காம், பெரியவங்களும் சேரலாமாம், போறியளான்னு. பாத்துக்கிடுங்க, அனுப்பி வச்சதே அவதான். இத நீங்க மறந்துரக் கூடாது.

பெனிட்டா டீச்சர்னு பேரு. எம் மக வயசுதான் இருக்கும். சட்டையெல்லாம் கரிய அப்பிக்கிட்டு நிக்கும், ஆனா கை இருக்கே, அப்பா! நாலு இழுப்பு இழுத்தா ஆளு வந்து நிப்பான். அது சொல்லிக் குடுத்த மொதப் பாடம் என்ன தெரியுமா? 'சார், மூஞ்சின்னு நெனைச்சு வரையாதீங்க. இது கண்ணு, இது மூக்குன்னு பேரு வைக்காதீங்க. வெளிச்சம் எங்க, நிழல் எங்க, எவ்வளவு கறுப்பு, அத மட்டும் பாருங்க.' எனக்குப் பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி இருந்துச்சு. காலம் பூரா நா பாத்த வேலையே அதுதான? நெலம் யாருதுன்னு பாக்காம அளக்கது!

மத்தவங்கல்லாம் நடிகரு படம், சாமி படம்னு போட்டோவப் பாத்துப் போட்டாங்க. நா நேர்ல உக்காத்தி வச்சித்தான் போடுவேன்னுட்டேன். போட்டோவுல ஏற்கெனவே எவனோ அளந்துட்டான், அதுல நமக்கு என்ன வேலை? ஆளுக்கு எங்க போக? வீட்டுலதான் ஒருத்தி இருக்காளே.

மத்தியானம் சாப்பிட்டு ஏனம் கழுவுனப்புறம் அவ கொஞ்சம் கண்ணசருவா. அந்த நேரந்தான் அடுக்களை ஜன்னல் வழியா வெளிச்சம் சாஞ்சி விழும். என்ன செய்ய? 'ஏளா, தூக்கத்த ராத்திரி தூங்கிக்கிடலாம், வந்து உக்காரு'ன்னேன். சரின்னுட்டா.

மொத நாளு அவளுக்குச் சந்தோசம் தாங்கல. நல்ல பொடவையாக் கட்டிக்கிட்டு, பூ வச்சிக்கிட்டு வந்தா. 'என்னையவா வரையப் போறிய, நெசமாவா?'ன்னு திரும்பத் திரும்பக் கேக்கா. ஆமா, வேற எவ சும்மா வந்து உக்காருவான்னேன். வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். பூவ எடுத்துருன்னேன், பூ வரையுதது பெரும்பாடு. எடுத்து ஜன்னல்ல வச்சிட்டா.

உக்காந்த ஒடனே பேச ஆரம்பிச்சிட்டா. பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதுலருந்து, அவ எட்டாங்கிளாஸ்ல ஓட்டப்பந்தயத்துல கப்பு வாங்குனது வரைக்கும் வருது. கப்பு வாங்குனாளாம்! எனக்கே தெரியாது. ஆனா தம்பி, வாய் அசைஞ்சாக் கன்னம் அசையுது. கன்னம் அசைஞ்சா நிழல் மாறுது. நிழல் மாறுனா என் அளவு போச்சு. 'அசையாம இரு'ன்னேன். நிறுத்துனா. கொஞ்ச நேரங்கழிச்சி மறுபடி. 'அசையாம இருளா'ன்னேன். சொல்லிச் சொல்லி ஒரு வாரத்துல பழகிட்டா. சொல்லிக் குடுத்தா எதையும் புடிச்சிக்கிடுவா, அந்தக் கொணம் அவட்ட உண்டு. நா இல்லன்னு சொல்ல மாட்டேன்.

கல்யாணமான புதுசுலயும் இப்படித்தான் தம்பி. ஓயாத பேச்சு. சாப்பிட உக்காந்தாப் பேச்சு, படுத்தாப் பேச்சு. நாந்தான் பக்குவமாக் கொறச்சேன். அடிச்சதில்ல, வஞ்சதில்ல, அந்த வேலையே நம்மகிட்டக் கெடையாது. பேப்பரப் பாத்துக்கிட்டே 'ம்'னு மட்டும் சொல்லுவேன். 'ம்', அம்புட்டுத்தான். தன்னால கொறஞ்சிட்டு. தெருவுல எங்க வீட்டுக்கு நல்ல பேரு. சத்தமே வெளிய வராது.

நா வரையுத மொறை எப்படின்னா, பேப்பர் பூரா லேசாக் கட்டம் போட்டுக்கிடுவேன். குச்சிய நீட்டிப் புடிச்சி ஒரு கண்ண மூடிக்கிட்டு அவள அளப்பேன். ஒரு நாளைக்கி ஒரு கட்டம், மிஞ்சிப் போனா ரெண்டு. முடிச்ச கட்டத்து மேல கை பட்டு இழுவிரக் கூடாதுல்லா, அதனால பழைய காலண்டர் தாள வச்சு மூடிருவேன். அன்னன்னைக்கிப் போடுத கட்டம் மட்டுந்தான் தெறந்திருக்கும். இத நல்லா ஞாபகம் வச்சிக்கிடுங்க. படம் முடியுத வரைக்கும் நா முழு மூஞ்சியப் பாக்கவே இல்ல.

அப்புறம், அழிக்கதுக்கு ஒரு ரப்பர் உண்டு. மாவு மாதிரி பெசையலாம், கரி மேல வச்சி ஒத்தி எடுத்தா கறுப்பு லேசாகும். உதட்டுல, கண்ணுல ஒரு பளபளப்பு வருதுல்லா, அது போடுதது இல்ல, ஒத்தி எடுக்கது. எனக்கு அந்த ரப்பர் சரிப்படல. நமக்குத்தான் சக்கரை, ராத்திரி தெனமும் சப்பாத்திதான. அந்த மாவுல ஒரு உருண்டை எடுத்து ஒத்திப் பாத்தேன். ஆஹா! ரப்பரெல்லாம் பிச்சை வாங்கணும். அன்னையிலருந்து நா உக்காரும்போதே டம்ளர்ல எலுமிச்சங்கா அளவுக்கு ஒரு உருண்டை தயாரா இருக்கும். கிளாஸ்ல சொன்னேன், எல்லாரும் கை தட்டுனாங்க. என் கண்டுபிடிப்பு தம்பி அது.

கடைசியா வாய்க்கு வந்தேன். வாய்தான் எமன். கோடு ஒரு மயிரிழை ஏறுனாச் சிரிப்பு, ஒரு மயிரிழை எறங்குனா அழுகைன்னு டீச்சர் சொல்லும். அன்னைக்கிப் பாத்து அவ மெதுவா, 'உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டே இருக்கேன்'ன்னா. நா அப்பத்தான் உதட்டு ஓரத்துல ஒரு மடிப்பப் புடிச்சிருக்கேன். விட்டா வராது. 'படம் முடியட்டும்ளா'ன்னேன். 'சரி'ன்னு வாய மூடிக்கிட்டா. அந்த மூடுன வாயத்தான் போட்டேன். ஒரு பிசிறு இல்லாம வந்துச்சு.

படத்த மூடுனபடியே, கண்ணாடி போடக் குடுக்கணும்னு டீச்சர்ட்டக் கொண்டு போனேன். தாள எடுத்துப் பாத்துச்சு. பாத்துக்கிட்டே நின்னுச்சு. நா கிட்டக்க நின்னு, இங்க பாருங்க டீச்சர், இந்தக் காது மடல்னு காட்டுதேன், என் கண்ணு காதுலதான் இருக்கு, அது காதையே பாக்கல. 'சார், இத உங்க வீட்டம்மா பாத்தாங்களா?'ன்னு கேட்டுச்சு. இல்ல, நம்ம கிளாஸ் எக்ஸிபிஷன்ல வந்து பாக்கட்டும், ஆச்சரியமா இருக்கும்லான்னேன். 'முதல்ல அவங்களுக்கு வீட்டுல காட்டுங்க சார்'ன்னுச்சு. எதுக்குங்கேன்? அப்படி என்ன ரகசியம்? என்னமோ தெரிஞ்சிருக்கு அதுக்கு. தெரிஞ்சத வாயத் தெறந்து சொல்லணும்லா? சொல்லல. அதுவும் ஒரு துரோகந்தான.

எக்ஸிபிஷன் அன்னைக்கி ஒரு பெரிய ஹால்ல நாலு சுவத்துலயும் படம். வாசலுக்கு எதிர்ச் சுவத்துல என்னோடது. நா வாசல்ல நொழைஞ்சி, தூரத்துலருந்து, மொத மொதலா முழுசாப் பாத்தேன்.  கட்டம் கட்டமாப் பாத்தா எல்லாஞ் சரி. அளவுல நூல் பிசகல. கூட்டிப் பாத்தா இது யாரு? கடைசி பஸ்ஸ விட்டுட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கவ மூஞ்சி. நா சாப்பாடு போட்டு, வீடு கட்டி, போர் போட்டு, கையில வளையல் போட்டு வச்சிருக்கவ மூஞ்சியா இது? இப்படி ஒரு மூஞ்சியவா எனக்கு முன்னால வச்சிக்கிட்டு உக்காந்திருந்தா, ஒவ்வொரு மத்தியானமும்?

கூட்டம் பூரா என் படத்துக்கு முன்னாலதான். காலேஜ் புள்ள ஒண்ணு பாத்துக்கிட்டே இருந்துட்டு, ஓரமாப் போயி அவங்க அம்மைக்குப் போன் போட்டுது. 'சும்மாதாம்மா கூப்பிட்டேன், என்ன செய்ற?'ங்கு. ஒரு பெரிய மனுசன் என் கையப் புடிச்சிக்கிட்டு, 'அம்மா எப்பத் தவறுனாங்க?'ன்னு கேக்காரு. நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாவலாம் போல இருந்துச்சு. உசிரோட இருக்கா சார்ன்னேன். 'அப்படியா'ன்னு ஒரு மாதிரிப் பாத்துட்டுப் போனாரு. அதுக்கு மொதப் பரிசு வேற. எதுக்குப் பரிசு? நா அளந்ததுக்கா, அவ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்ததுக்கா?

சாயங்காலம் அவ வந்தா. பட்டுப் பொடவை, தலை நெறையப் பூ. ஒவ்வொரு படமாப் பாத்துக்கிட்டே வந்து இதுக்கு முன்னால நின்னா. கொஞ்ச நேரம் பாத்துட்டு, 'இது யாருங்க?'ன்னு கேட்டா. நெசமாத்தான் கேட்டா. 'நீதாம்ளா'ன்னேன். 'நானா'ன்னா.  ஒரு பொம்பளை வந்து என்னமோ கேட்டுது, அதுக்குத் தலைய மட்டும் ஆட்டுனா. அங்கனயே நின்னா, லைட்ட அணைக்க ஆளு வர்ற வரைக்கும்.

ஆட்டோவுல வரும்போது எனக்குத் தாங்கல. எதுக்குளா இப்படி ஒரு மூஞ்சிய வச்சிக்கிட்டு இருந்தன்னு கேட்டேன். ஊர் முன்னால என்னய அசிங்கப்படுத்தணும்னே செஞ்சியா? 'நா ஒண்ணும் வைக்கலங்க. நீங்கதான வரைஞ்சிய'ன்னா. நா இருக்கதத்தான வரைஞ்சேன்னேன். 'ஆமா, இருக்கதத்தான் வரைஞ்சிருக்கிய'ன்னா.  நா சொன்னதையே திருப்பிச் சொன்னா எப்படி சண்டை போட?

மறுநாளு நா மட்டும் போயி ஆட்டோவுல படத்த எடுத்துட்டு வந்தேன். கண்ணாடி போட்டது, மடியில நிமித்தி வச்சிருந்தேன், வெளிய பாத்தாப்புல. எங்க தெரு முக்குல இசக்கி துணி தேச்சிக்கிட்டிருந்தான். என்னயப் பாத்ததும் பெட்டிய வச்சிட்டு, தோள்ல கெடந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டுக் கும்புட்டான். பரிசு வாங்குன விசயம் தெரிஞ்சிருச்சு போலுக்கேன்னு நா பெருமையாத் தலைய ஆட்டிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டல்தான் தம்பி வெனை.

கறுப்பு வெள்ளையில ஒரு பொம்பளை படம், கண்ணாடி, புருசன் மடியில. அவன் என்ன நெனைப்பான்? நம்ம ஊர்ல உசிரோட இருக்கவளுக்கு யாரு கறுப்பு வெள்ளையில படம் போட்டு மாட்டுதா? அவன் நாலு பேருட்டச் சொல்ல, வண்ணார்பேட்டையில இருக்க எங்க சித்தப்பா மவன் ஆவுடையப்பனுக்குப் போயிட்டு. நா படத்தக் கூடத்துல, எங்க அம்மை படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டு, மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கிட்டு நிக்கேன். வாசல்ல ஆட்டோ வந்து நிக்கி. 'எங்கள விட்டுட்டுப் போயிட்டியளே மதினி!'ன்னு ஒரு ஓலம். ஆவுடையப்பனும் அவன் பொண்டாட்டியும், கையில ஆளுயர ரோசாப்பூ மாலை.

கதவத் தெறந்தது யாரு? ஒலகம்மாதான். கையில கரண்டி. ஆவுடையப்பன் அப்படியே நெலப்படியில உக்காந்துட்டான். இவ மாலையப் பாக்கா, அவனப் பாக்கா, 'வாங்க தம்பி, யாருக்கு?'ங்கா.

அப்புறம் சிரிச்சா பாருங்க தம்பி. சுவத்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சா. கரண்டி கீழ விழுந்துட்டு. ஆவுடையப்பன் பொண்டாட்டியும் சேந்துக்கிட்டா. ரெண்டு பொம்பளையளும் தரையில உக்காந்து கண்ணுல தண்ணி வரச் சிரிக்காளுவ. நா அந்த இசக்கிப் பயல என்ன செய்யலாம்னு வாசல்ல நின்னு கத்திக்கிட்டிருந்தேன். எனக்கு மானம் போவுதே!

காப்பி குடுத்து அனுப்பி வச்சா. மாலை நாற்காலியில கெடந்துச்சு. கொஞ்ச நேரங்கழிச்சி முக்காலியப் போட்டு ஏறி, அந்த மாலைய எடுத்துப் படத்துல தானே போட்டா. தானே தம்பி! சந்தனத்தக் கொழைச்சு நெத்தியில ஒரு பொட்டு வேற. ஏளா, கிறுக்கு புடிச்சிருக்கா, சுமங்கலி தம் படத்துக்கே மாலை போடுவாளான்னு நா பதறுதேன். எறங்கி கையத் தொடச்சிக்கிட்டே சொல்லுதா, 'உங்களுக்கு இவ சரியா இருப்பா. பேச மாட்டா, அசைய மாட்டா. நா வடிவு வீட்டுல கொஞ்ச நாளு இருந்துட்டு வாறேன்.' கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா நானும் கோவப்பட்டு, ராத்திரிக்குள்ள சரியாப் போயிருக்கும். கடைக்குப் போயிட்டு வாறேன்ங்க மாதிரி சொன்னா.

இப்ப நீங்க சொல்லுங்க. ஒரு மனுசன் தம் பொண்டாட்டிய மெனக்கெட்டு உக்காந்து வரைஞ்சது தப்பா? எத்தன பேரு செய்வான்? மெட்ராஸ்ல இருக்க எம் மகளுக்குப் போன் போட்டா, 'அம்மாவக் கொஞ்சம் விடுங்கப்பா'ங்கா. நா எங்க புடிச்சேன், விடுததுக்கு? டீச்சர்ட்டப் போயி நின்னா, அது கரியப் பாத்துக்கிட்டே நிக்கி. எல்லாரும் ஒரு பக்கம், நா ஒத்தையில ஒரு பக்கம்.

தனியா உக்காந்து யோசிச்சேன். சண்டை எதுல வந்துச்சு? படத்துல. படத்துல கோளாறு எங்க? வாயில. மத்தக் கட்டத்துல ஒரு கொறை கெடையாது. வாயோட ரெண்டு மூலையையும் ஒரு மயிரிழை ஏத்திவிட்டா முடிஞ்சு போச்சு. சிரிச்ச மூஞ்சியாக் கொண்டு போயிக் காட்டுனா வராம எங்க போயிருவா? நல்ல வேளை, படத்து மேல கரி ஒட்டி நிக்கதுக்கு அடிக்க மருந்து எதுவும் அடிக்கல, அழிச்சா அழியும்.

சரி, அவ சிரிப்பு எப்படி இருக்கும்? அளவு வேணும்லா. ஆல்பத்தையெல்லாம் எறக்குனேன். கல்யாணப் போட்டோவுல தலை குனிஞ்சிருக்கா. மக காதுகுத்துல வாய மூடிருக்கா. வீடு பால் காச்சுனதுல மூடிருக்கா. எதுலயும் பல்லு தெரியல. மாலை வந்த அன்னைக்கிச் சிரிச்சாளே, அப்பக் கிட்டக்க போயிப் பாத்து வச்சிருக்கணும். நா வாசல்ல நின்னு கத்திக்கிட்டிருந்தேன்னு சொன்னேம்லா. போட்டும், மொதல்ல இருக்க வாய எடுப்போம், அப்புறம் யோசிப்போம்னு கண்ணாடியக் கழத்துனேன்.

ஒத்தி எடுக்க மாவு வேணும். வீட்டுல மாவு பெசைய ஆளு ஏது? எனக்கு ரெண்டு மாசமா மூணு வேளையும் கடைச் சாப்பாடு. முக்குல பரோட்டாக் கடை இருக்கு. மாஸ்டர்ட்ட ஒரு உருண்டை கேட்டேன், எலையில வச்சிக் குடுத்தாரு. வந்து வாய் மேல வச்சி நல்லா ஒத்துனேன். கறுப்பு வந்துட்டு. கூட என்ன வந்துச்சுன்னு சொல்லுங்க? எண்ணெய்! பரோட்டா மாவு எண்ணெயிலதான ஊறும்? எனக்கு அந்த நேரத்துல தோணல பாருங்க. உதடு இருந்த எடத்துல பொட்டுப் பொட்டா எண்ணெய் எறங்கிட்டு. எண்ணெய் பட்ட எடத்துல கரி ஒட்டாது தம்பி. போடுதேன், வழுக்குது. அழுத்திப் போடுதேன், பேப்பரு நூலு நூலா எந்திரிக்கி.

ஒடனே அவளுக்குப் போன் போட்டேன். ஏளா, நீ பெசஞ்ச மாவுல எண்ணெய் எறங்கலியே, எப்படிப் பெசஞ்சன்னேன்.  அவ சொல்லுதா, 'அது சப்பாத்தி மாவு இல்லங்க. உங்களுக்குன்னு எண்ணெய் உப்பு போடாமத் தனியாப் பெசஞ்சி வச்சேன்'னு. மொத நாளு நா எடுத்ததுல எண்ணெய் தெறிச்சிருந்ததாம், பேப்பரு கெட்டுருமேன்னு மறுநாள்லருந்து தனியாப் பெசஞ்சாளாம். ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமாளான்னேன். 'நீங்க கேக்கலியே'ன்னுட்டு வச்சிட்டா.

பாத்தியளா? இம்புட்டு நாளும் என் கண்டுபிடிப்புன்னு ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். கிளாஸ்ல கை தட்டுனாங்களே, அதுக்கு நா எங்க போயி மூஞ்சிய வைக்க? மனுசன நடு ரோட்டுல நிக்க வைக்கதுன்னா இதுதான்.

கயத்தாறு தாண்டிட்டா? சரி, வாங்க, போர்வைய விலக்கிக் காட்டுதேன். அந்த முனையப் புடிங்க. மெதுவா. இங்க பாருங்க நெத்தி. இந்தச் சுருக்கம் ஒவ்வொண்ணும் அளந்து போட்டது. கண்ணப் பாருங்க. நீங்க எந்தப் பக்கம் சாஞ்சி பாத்தாலும் அவ உங்களப் பாக்க மாட்டா. அடுப்புப் பக்கமா ஜன்னல்ல பூவ எடுத்து வச்சாளே, தெனமும் அந்த எடத்தையே பாத்துக்கிட்டிருந்தா, அதையே போட்டுட்டேன். மூக்குத்தியில அந்த ஒரு பொட்டு வெளிச்சம், அது அவ மாவுல எடுத்தது.

ஆமா, வாய் இல்ல. தெரியுது தம்பி, நானும் பாக்கத்தான செய்யுதேன். அந்தக் கறைதான். வாய் இல்லாட்டா என்ன, மத்ததெல்லாம் அவதான. பையில கரி இருக்கு, புதுப் பேப்பரும் இருக்கு. கெட்டுப்போன எடத்துல பேப்பர் ஒட்டு போட்டுக்கிடலாம்னு டீச்சர் கிளாஸ்ல சொல்லிருக்கு. வடிவு வீட்டுல அவள நல்ல வெளிச்சமா ஒரு எடத்துல உக்காத்திட்டேன்னா, ஒரு மணி நேரத்துல வாய முடிச்சிருவேன். சிரின்னு சொல்லுவேன். சிரிச்சிட்டு அசையாம இருன்னு சொல்லுவேன்.

என்ன கேக்கிய? எத? அவ என்ன சொல்ல வந்தாளா? எப்ப?

ஓ. அன்னைக்கா. வாய் போடுதப்ப. ஒண்ணு சொல்லணும்னாளே, அதுவா.

படம் முடியட்டும்னேன்.

படம் முடிஞ்சிட்டு. அப்புறம் கண்ணாடி போட ஓடுனேன், எக்ஸிபிஷன் வந்துச்சு, பரிசு, ஆவுடையப்பன்... நீங்க வேற ஏன் தம்பி இதத் தோண்டிக்கிட்டு? என்ன சொல்லியிருப்பா, கேஸ் தீந்துட்டும்பா, தங்கச்சி வீட்டுக்குப் போணும்பா. ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டே இருக்கேன்னாளே. கேஸுக்கு யாரும் ரொம்ப நாளா நெனைப்பாங்களா? இல்ல. தெரியல. நா கேக்கல தம்பி. அவ மறுபடி சொல்லியிருக்கணும்லா? ஒரு தடவ சொல்லி விட்டுட்டா எனக்கு எப்படித் தெரியும்?

கண்டக்டர் கத்துதாரு பாருங்க, வந்துட்டு போலுக்கு. புடிங்க, புடிங்க, சுத்திருவோம். கண்ணுப் பக்கம் கை அழுந்தாம.

இப்ப ஒண்ணு செய்யலாம். போன ஒடனே அதத்தான் கேக்கணும். அன்னைக்கி என்னமோ சொல்ல வந்தியேளா, சொல்லுன்னு எதிர்ல உக்காந்துரணும். அவ சொல்லட்டும். சொல்லச் சொல்ல நா பாத்துப் போட்டுருதேன். பேசும்போது பாத்தாத்தான வாய் வரும்? இது நல்ல யோசனை. எனக்கு ஏன் முன்னாலயே தோணல?

ஆனா பேசுனா அசையுமே தம்பி. அசையுத வாய எப்படிப் போட? அத அந்த டீச்சர் சொல்லித் தரவே இல்லியே.